வீட்டு வரியை எடுத்துவிட்டு வருமான வரி போட்டால்? டெல்டாவின் ஒரு தெருவிலிருந்து ஒரு கணக்கு

கும்பகோணத்துக்குத் தெற்கே, அரசலாற்றங்கரையில் உள்ள பேரூராட்சி ஒன்றில் என் பெரியம்மா தனியாக இருக்கிறார். தாத்தா காலத்து இரண்டு கட்டு ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், பின்கட்டு, கிணறு, கொல்லை என்று தெருவில் தொடங்கி வாய்க்கால்வரை நீளும். பெரியம்மா புழங்குவது கூடத்திலும் சமையல்கட்டிலும் மட்டும்தான். மற்ற அறைகளில் பழைய பத்தாயமும் யாரும் எடுக்காத பித்தளைப் பாத்திரங்களும் கிடக்கின்றன. வருமானம் என்று சொன்னால் ஆறு மா நிலத்தின், அதாவது ஏறக்குறைய இரண்டு ஏக்கரின், குத்தகை. தண்ணீர் ஒழுங்காக வந்த ஆண்டில் அது நெல்லாகவோ பணமாகவோ வந்து சேரும். வராத ஆண்டில் குத்தகைக்காரர் திண்ணையில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போவார்.

2022 ஏப்ரலில் தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகள் எல்லாவற்றிலும் சொத்து வரி உயர்ந்தது. சென்னையின் பழைய பகுதிகளைத் தவிர்த்துப் பார்த்தால், குடியிருப்புகளுக்கான உயர்வு இப்படி இருந்தது: 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 1,200 சதுர அடிவரை 50, 1,800வரை 75, அதற்கு மேல் 100. பெரிய வீட்டுக்குப் பெரிய உயர்வு என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் பெரியம்மாவின் வீடு 1,800 சதுர அடியைத் தாண்டிவிடுகிறது. நோட்டீசை என் கையில் கொடுத்துவிட்டு அவர் கேட்டார்: "வீட்டில் என்ன நெல்லா விளைகிறது? கையில் வருகிற காசைப் பார்த்துக் கேட்கட்டும். கொடுக்க மாட்டேன் என்றா சொல்கிறேன்?"

அந்தக் கேள்வியை நான் எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. பொருளாதாரம் படித்தவர்கள் பல நாடுகளில் பல ஆண்டுகளாக வாதிட்டு வரும் கேள்வியும் இதுதான். உள்ளாட்சிகளின் செலவுக்கு மக்களிடம் பணம் வாங்க வேண்டும். அதை அவர்கள் வைத்திருக்கும் வீட்டைப் பார்த்து வாங்குவதா, அவர்கள் ஈட்டும் வருமானத்தைப் பார்த்து வாங்குவதா? வீட்டு வரியை அடியோடு எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உள்ளூர் வருமான வரி ஒன்றை வைத்தால் என்ன நடக்கும்? பெரியம்மாவின் பக்கம் நின்றுதான் நான் இதைப் படிக்கத் தொடங்கினேன். படித்து முடித்தபோது வேறோர் இடத்தில் நின்றேன்.

முதலில் வெளிநாட்டுக் கதைகள். பிரிட்டனில் உள்ளாட்சி நிதியை ஆராய்ந்த லேஃபீல்டு குழு, 1976இலேயே உள்ளூர் வருமான வரியைப் பரிந்துரைத்தது. அது நடக்கவில்லை. பிறகு வீட்டு வரியை எடுத்துவிட்டு, ஏழை பணக்காரர் வேறுபாடின்றித் தலைக்கு இவ்வளவு என்று ஒரு வரி வந்தது. ஸ்காட்லாந்தில் 1989இலும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990இலும் அமலான அந்தத் தலைவரி மக்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. பிரதமர் மார்கரெட் தாட்சரின் பதவி போனதற்கு அதுவும் ஒரு காரணம். 1993இல் மறுபடியும் வீட்டின் மதிப்பை அடிப்படையாகக் கொண்ட கவுன்சில் வரிக்கே திரும்பினார்கள். 2007இல் ஸ்காட்லாந்தில் ஆட்சிக்கு வந்த ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி, கவுன்சில் வரியை ஒழித்து, ஒரு பவுண்டு வருமானத்துக்கு 3 பென்ஸ் என்ற கணக்கில் வருமான வரி போடப்போவதாக வாக்குறுதி கொடுத்திருந்தது. 2009இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. சட்டமன்றத்தில் பெரும்பான்மை இல்லாதது ஒரு காரணம். இன்னொரு குறையும் அப்போது பேசப்பட்டது. சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் வரி உண்டு, சேமிப்பிலிருந்தும் முதலீட்டிலிருந்தும் வரும் வருமானத்துக்குக் கிடையாது என்று அந்தத் திட்டம் அமைந்திருந்தது. உழைத்துச் சம்பாதிப்பவர் கட்டுவார், பணத்தை முதலீட்டில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர் கட்ட மாட்டார்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் இன்னும் நேரடியாக மக்களையே கேட்டது. பள்ளிகளுக்காக வசூலிக்கப்படும் சொத்து வரியைக் குறைத்து, ஈடாக வருமான வரியைக் கூட்டிக்கொள்ளலாமா என்று 2006இல் வந்த சட்டத்தின்படி, 2007 மே மாதம் பள்ளி மாவட்டந்தோறும் வாக்கெடுப்பு நடந்தது. மிகப் பெரும்பாலான இடங்களில் மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். சொத்து வரியைப் பற்றிப் புலம்பாத வீடு அங்கேயும் இருந்திருக்காது. ஆனாலும் பதிலுக்கு எது வரும், அதை யார் சுமப்பார் என்ற கணக்கு தாளில் வந்தவுடன் மனம் மாறிவிடுகிறது.

உள்ளூர் வருமான வரி நன்றாக ஓடும் நாடும் உண்டு. ஸ்வீடனில் நகராட்சியும் வட்டாரமும் சேர்ந்து வசூலிக்கும் வருமான வரி சராசரியாக நூற்றுக்கு 32 அளவில் இருக்கிறது. ஒவ்வொரு நகராட்சியும் தன் விகிதத்தைத் தானே முடிவு செய்கிறது. அங்கே அது ஓடுவதற்கு இரண்டு தூண்கள் தாங்குகின்றன. ஏறக்குறைய ஒவ்வொருவரின் ஒவ்வொரு வருமானமும் வேலை கொடுப்பவர், வங்கி, ஓய்வூதிய அலுவலகம் வழியாகத் தானாகவே வரித்துறையின் கணக்கில் ஏறிவிடுகிறது. வருமானம் குறைந்த நகராட்சிக்கு வருமானம் மிகுந்த நகராட்சிகளின் பணத்தைப் பகிர்ந்து கொடுக்கும் ஏற்பாடும் சட்டத்திலேயே இருக்கிறது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு நம் ஆற்றங்கரைக்குத் திரும்புவோம்.

நம் நாட்டில் இதைச் செய்யச் சட்டம் இடம் தருகிறதா? அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை வரிகளைப் பங்குபிரித்து வைத்திருக்கிறது. வேளாண்மை வருமானம் நீங்கலாக மற்ற வருமானத்தின் மீதான வரி ஒன்றியப் பட்டியலில் 82ஆம் இனம். நிலத்தின் மீதும் கட்டடத்தின் மீதும் வரி போடும் உரிமை மாநிலப் பட்டியலில் 49ஆம் இனம். மாநிலம் தனக்குள்ள உரிமையைத்தான் 243எச், 243எக்ஸ் பிரிவுகளின்படி ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் கொடுக்க முடியும். தனக்கு இல்லாததைக் கொடுக்க முடியாது. ஆகவே கும்பகோணம் மாநகராட்சியோ திருவாரூர் நகராட்சியோ நாளைக்கே ஒரு வருமான வரி போட வேண்டும் என்றால் அரசியலமைப்பைத் திருத்த வேண்டும்.

ஆனால் பலரும் கவனிக்காத ஒரு சன்னல் திறந்தே இருக்கிறது. அதுதான் தொழில் வரி. மாநிலப் பட்டியலில் 60ஆம் இனம். 276ஆம் பிரிவு அதற்குத் தனியாக அனுமதி கொடுக்கிறது. கர்நாடகம், மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களில் இதை மாநில அரசே எடுத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சிகள் வசூலிக்கின்றன. ஆறு மாத வருமானத்தைப் படிப்படியாகப் பிரித்து வரி போடுகிறார்கள். 21,000 ரூபாய்வரை ஒன்றுமில்லை. 75,000ஐத் தாண்டினால் உச்சப்படி. வருமானத்தைப் பார்த்து உள்ளூர் அமைப்பு வாங்கும் வரியை வேறு எப்படிச் சொல்வது? உள்ளூர் வருமான வரி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, வளரவிடாமல் தொட்டியில் வைத்த ஆலங்கன்றாக.

வளரவிடாதது எது என்றால், 276ஆம் பிரிவிலேயே எழுதப்பட்டிருக்கும் உச்சவரம்பு. ஒருவரிடமிருந்து ஆண்டுக்கு 250 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியலமைப்பு தொடங்கியபோது இருந்தது. 1988இல் 60ஆவது திருத்தம் அதை 2,500 ஆக்கியது. அன்றிலிருந்து இன்றுவரை அதே 2,500. மாதம் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுக்குச் சற்று மேல் வாங்கும் ஜவுளிக்கடை ஊழியரும், மாதம் இரண்டு லட்சம் வாங்கும் மருத்துவரும் இந்த வரியில் ஒரே படியில் நிற்கிறார்கள். 14ஆவது நிதிக் குழு இந்த வரம்பை 12,000 ஆக்கச் சொன்னது. 15ஆவது நிதிக் குழு 18,000 என்றது. நாடாளுமன்றம் இன்னும் அதைத் தொடவில்லை.

இனி எங்கள் தெருவுக்கு வருகிறேன். பெரியம்மா வீட்டுக்கு எதிரே ஒரு புது மாடி வீடு. தரையெல்லாம் கிரானைட், வாசலில் துருப்பிடிக்காத எஃகுக் கதவு, மாடியில் யாரும் நிற்காத பால்கனி. உரிமையாளர் சிங்கப்பூரில் இருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கோயில் திருவிழாவுக்கு வருவார். தெருக்கோடியில் ஒரு வீட்டின் பாதியில் அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் வாடகைக்கு இருக்கிறார். மனைவி, இரண்டு குழந்தைகள், வீட்டுக் கடன் கிடையாது, சொந்த வீடும் கிடையாது.

வீட்டு வரியை எடுத்துவிட்டு வருமான வரியை வைத்தால், பெரியம்மாவுக்கு வரி ஏறக்குறைய இல்லாமல் போகும். அதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் எதிர்வீட்டுச் சிங்கப்பூர்க்காரருக்கும் வரி இல்லை. வெளிநாட்டில் குடியிருந்து வெளிநாட்டில் ஈட்டும் வருமானத்துக்கு நம் வருமான வரிச் சட்டம் வரி கேட்பதில்லை. அவர் இங்கே அனுப்பி, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. வங்கிக் கணக்கில் போட்டு வைக்கும் பணத்தின் வட்டிக்கும் விலக்கு உண்டு. அவர் வீட்டு வாசலில் எரியும் தெருவிளக்குக்கும், மழைநாளில் அந்த வாசல் சேறாகாமல் காக்கும் சிமெண்ட் சாலைக்கும் பணம் கொடுக்கப்போவது யார்? தெருக்கோடி ஆசிரியர்தான். அவர் சம்பளம் ஒரு ரூபாய்கூட மறையாமல் தாளில் இருக்கிறது. கருவூலத்திலிருந்து வங்கிக்குப் போவதற்கு முன்பே பிடித்துக்கொள்ளலாம்.

இது எங்கள் தெருவின் தனிக்கதை இல்லை. அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர் என்று டெல்டாவில் கடல்கடந்த பணத்தால் எழுந்த வீதிகள் எத்தனையோ. அந்தப் பணத்தை நான் குறை சொல்லவில்லை. அதன் பின்னால் பாலைவன வெயிலும் பிரிவும் இருக்கின்றன. ஆனால் அந்த வீதிகளின் செல்வத்தை உள்ளூர் அமைப்பு தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரே இடம் வீடு. வருமானம் துபாயில் இருக்கிறது, வீடு இங்கே இருக்கிறது.

இளைஞர்களின் வருமானமும் ஊரில் இல்லை. மன்னார்குடிப் பக்கத்துப் பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவனிடமிருந்து வரி எடுக்க வேண்டியது திருப்பூரா, மன்னார்குடியா? தொழில் வரி இப்போது வேலை செய்யும் இடத்துக்குப் போகிறது. அதே வழியில் வருமான வரியும் போனால், பிள்ளைகளை வளர்த்து, படிக்கவைத்து, பஸ் ஏற்றி அனுப்பிய ஊருக்கு ஒன்றும் கிடைக்காது. வசிக்கும் இடத்துக்கு என்று வைத்தால், அவன் வசிப்பதும் திருப்பூரில்தான். வேதாரண்யம் பக்கத்து ஊராட்சிகளுக்கும் தஞ்சாவூர் மாநகராட்சிக்கும் இடையில் உள்ள இடைவெளி இன்னும் அகலும். அரசு அலுவலகம், மருத்துவக் கல்லூரி, பல்கலைக்கழகம் என்று சம்பளக்காரர்கள் கூடியிருக்கும் ஊர் தஞ்சாவூர். ஸ்வீடனில் இந்த இடைவெளியை நிரப்பப் பகிர்வு ஏற்பாடு இருக்கிறது என்றேன். இங்கே அந்த வேலையை மாநில நிதிக் குழு வழியாக வரும் பங்குதான் செய்கிறது. ஊராட்சிகள் இப்போதே அதைத்தான் பெரிதும் நம்பியிருக்கின்றன.

சரி, டெல்டாவின் முதன்மையான வருமானம் நெல்லாயிற்றே, அதைச் சேர்க்க வேண்டாமா? சட்டப்படி அது முடியும். வேளாண்மை வருமானத்துக்கு வரி போடும் உரிமை மாநிலத்துடையது, 46ஆம் இனம். தமிழ்நாடு அதைச் செய்தும் பார்த்தது. 1955இல் தோட்டப் பயிர்களுக்காக ஒரு வேளாண் வருமான வரிச் சட்டம் வந்தது. சில ஆண்டுகளில் அதை மற்ற நிலங்களுக்கும் விரித்தார்கள். அப்போது அவர்களுக்கு வந்த இடைஞ்சல்தான் கவனிக்கத்தக்கது. ஒரு மிராசுதாரின் உண்மையான வருமானத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நாற்றுக்கு எவ்வளவு, உழவுக்கு எவ்வளவு, அறுப்புக்கூலிக்கு எவ்வளவு நெல் அளந்தார், களத்தில் எவ்வளவு போயிற்று? கணக்குப் புத்தகம் வைத்திருந்தவர் எத்தனை பேர்? கடைசியில் நிலத்தையே 'ஸ்டாண்டர்டு ஏக்கர்' என்ற பொதுக் கணக்குக்கு மாற்றி, அதன் அளவை வைத்துத் தொகுப்பாகக் கட்டிவிடும் வழியைத் திறந்து வைத்தார்கள். வருமான வரி என்று புறப்பட்ட வண்டி நிலவரியில் வந்து நின்றது. அந்தச் சட்டமும் பின்னர் நீக்கப்பட்டது.

1972இல் பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் தலைமையிலான குழுவும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. விவசாயியின் வருமானத்தைத் தனித்தனியாக அளக்க முயல வேண்டாம், வட்டாரத்துக்கும் பயிருக்கும் ஏற்ப நிலத்தின் விளைதிறனை மதிப்பிட்டு, வைத்திருக்கும் நிலத்தின் மீது வரி போடுங்கள் என்றது அந்தக் குழு. எந்த மாநிலமும் அதை முழுமையாக ஏற்கவில்லை. வேளாண் வருமானம் உள்ளவருக்கு வேறு வருமானமும் இருந்தால், இரண்டையும் சேர்த்து வரி விகிதத்தைக் கணக்கிடும் முறை மட்டும் 1973இல் ஒன்றிய வரவு செலவுத் திட்டத்தில் வந்தது.

இன்று ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாக எடைபோட்டுக் கொடுத்தால், பணம் வங்கிக் கணக்குக்குப் போகிறது. அப்படியானால் நெல் வருமானம் இப்போது தாளில் ஏறிவிட்டதே, வரி போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஏறியிருப்பது வரவு மட்டும். செலவு எங்கும் ஏறவில்லை. உரக்கடை பாக்கியும் நகைக்கடன் வட்டியும் நடவு ஆட்களின் கூலியும் அந்தச் சீட்டில் கிடையாது. அடங்கல் என்ற சாகுபடிக் கணக்கில் யார் பெயர் இருக்கிறது என்பதும் பெரிய கேள்வி. பெரியம்மாவின் நிலத்தில் வியர்வை சிந்துபவர் குத்தகைக்காரர். பட்டா தாத்தா பெயரில். வாய்வழிக் குத்தகை மிகுந்த இந்தப் பகுதியில், வங்கிக் கணக்கை வைத்து வரி போட்டால் யாருடைய வருமானத்துக்கு யார் வரி கட்டுவார் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நகரத்தில் இருந்துகொண்டு குத்தகையை மட்டும் வாங்குபவருக்கோ வேறு வசதி. விளைநிலத்தின் குத்தகையும் சட்டத்தின் பார்வையில் வேளாண் வருமானம்தான். அதற்கும் ஒன்றிய வருமான வரி கிடையாது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2025 வரவு செலவுத் திட்டத்துக்குப் பிறகு, புதிய முறையில் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்வரை வருமானம் உள்ளவருக்கு வருமான வரி இல்லை. ஒன்றிய வருமான வரியின் தோளில் உள்ளூர் வரியையும் ஏற்றிவிடலாம் என்று நினைத்தால், டெல்டாவின் ஒரு சிற்றூரில் எத்தனை பேர் அந்தக் கணக்கில் வருவார்கள்? பள்ளித் தலைமையாசிரியர், வங்கி மேலாளர், இரண்டு மூன்று வியாபாரிகள். அவர்கள் தலையில் முழு ஊரின் குடிநீர் மோட்டாரையும் தெருவிளக்கையும் வைக்க முடியாது. கீழே இறங்கி வரம்பைக் குறைத்தால், கொத்தனாரையும் ஆட்டோ ஓட்டுநரையும் வருமானக் கணக்கு காட்டச் சொல்ல வேண்டிவரும்.

2018 நவம்பர் 16 அதிகாலையை டெல்டாவில் யாரும் மறக்க மாட்டார்கள். வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களின் தென்னந்தோப்புகளை ஒரே இரவில் சாய்த்துப்போட்டது. ஒரு தென்னங்கன்று நட்டுக் காய்ப்புக்கு வர ஆண்டுகள் பிடிக்கும். அந்த வட்டாரத்தின் ஊராட்சிகள் தென்னை வருமானத்தின் மீதான வரியை நம்பி இருந்திருந்தால், சாய்ந்த மரங்களை அகற்றவும் மின்கம்பம் நடவும் தண்ணீர்த் தொட்டிக்கு டீசல் வாங்கவும் பணம் மிகவும் தேவைப்பட்ட அதே மாதத்தில் வரவு வற்றிப் போயிருக்கும். புயல்கூட வேண்டாம். 2012இலிருந்து 2019வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை ஜூன் 12 அன்று குறுவைக்குத் திறக்கப்படவில்லை. வருமானம் தண்ணீரோடு வந்து தண்ணீரோடு போகும் மண் இது. ஊராட்சியின் செலவோ தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். தண்ணீர் வராத ஆண்டில் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் இன்னும் அதிக நேரம் ஓடும்.

கூரை போன வீட்டுக்கு வரி கேட்பது கொடுமை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பேரிடர் ஆண்டுகளில் வீட்டு வரியை மாநில அரசு தள்ளுபடி செய்து, அந்தத் தொகையை உள்ளாட்சிக்குத் தானே ஈடுசெய்யும் ஏற்பாடு கட்டாயமாக இருக்க வேண்டும். ஊராட்சி வசூலிக்கும் வீட்டு வரிக்கு ஈடாக அரசு தன் பங்குக்கு இணைமானியம் கொடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்திருக்கிறது. அந்த வழியையே இதற்கும் விரிக்கலாம்.

வரி எதன் மீது என்ற கேள்வி இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் கொடுத்த ஊர்களைப் பட்டியலிடும் கல்வெட்டுகள், வரி கட்டும் நிலத்திலிருந்து எவற்றைக் கழிக்க வேண்டும் என்று ஒவ்வோர் ஊருக்கும் சொல்கின்றன. மக்கள் குடியிருக்கும் ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், சேரிகள், சுடுகாடு இவையெல்லாம் இறையிலி, அதாவது வரி இல்லாதவை. மீதியுள்ள விளைநிலத்தை வேலி, மா, காணி, முந்திரி என்று நம்ப முடியாத நுணுக்கத்தில் பிரித்து அளந்திருக்கிறார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் மனை இறையும் உண்டு. தறி இறை, செக்கிறை, தட்டார்ப்பாட்டம் என்று தொழில்களின் மீதான வரிகளும் உண்டு. தட்டார் எவ்வளவு சம்பாதித்தார் என்று கேட்டு வாங்கியிருக்க முடியாது. தறி கண்ணுக்குத் தெரியும், செக்கு கண்ணுக்குத் தெரியும். எண்ணக்கூடியதை எண்ணி வாங்கினார்கள்.

இப்போது நான் மிகவும் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர்ப் பாலத்தைத் தாண்டினால் ஆற்றுப் படுகையில் நாற்பது ஐம்பது குடும்பங்கள் இருக்கின்றன. அதற்கு அடுத்த தெரு முழுவதும் கோயிலுக்குச் சொந்தமான மனைகள். மண் கோயிலுடையது, மேலே நிற்கும் வீடு மட்டும் குடியிருப்பவருடையது, அடிமனை வாடகை தனி. ஆதீனங்களுக்கும் கோயில்களுக்கும் சொந்தமான நிலம் மிகுந்த மயிலாடுதுறை, கும்பகோணம் பகுதிகளில் இது மிகச் சாதாரணம். இந்தக் குடும்பங்களிடம் பட்டா கிடையாது, பத்திரம் கிடையாது. அவர்களிடம் இருக்கும் ஒரே தாள் வீட்டு வரி ரசீது.

மின் இணைப்புக்கு விண்ணப்பிக்க அந்த ரசீது. குடும்ப அட்டைக்கு முகவரி காட்ட அந்த ரசீது. வெள்ளம் வந்து நிவாரணப் பட்டியல் எடுக்கும்போதும், நாளை பட்டா கொடுக்கப்போகிறார்கள் என்று செய்தி பரவும்போதும், "இத்தனை வருஷமாக நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்" என்று எடுத்து நீட்டுவதும் அந்த ரசீதைத்தான். படுகைக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த அம்மாள் ஒரு பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, அடியில் மஞ்சளாகிப் போன 1990களின் ரசீதிலிருந்து சென்ற ஆண்டின் கணினி ரசீதுவரை வரிசையாகத் தரையில் பரப்பினார். இரண்டு ரசீதுகள் தண்ணீரில் ஊறி மை பரவியிருந்தன. அவற்றை மட்டும் தனியாக நெகிழித் தாளில் ஒட்டி வைத்திருந்தார். எழுத்து அழிந்தாலும் முத்திரை தெரிகிறதாம். எங்களுக்கும் வீட்டு வரி போடுங்கள் என்று மனுக் கொடுத்து, அலைந்து, அந்த வரியைக் கேட்டு வாங்கியவர்கள் அவர்கள்.

நாட்டின் மற்ற இடங்களில் வீட்டு வரி ஒரு சுமை மட்டும்தான் என்றால், இங்கே அது ஏழைக்கு ஒரு பிடிமானமும் ஆகிறது. வருமான வரியால் அந்தத் தாளைக் கொடுக்க முடியாது. அவர் கூலி எந்த வரம்புக்கும் கீழே இருக்கும், அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. இதைப் பார்த்த பிறகு வீட்டு வரியை ஒழிக்கலாம் என்று என்னால் வாதிட முடியவில்லை.

அப்படியானால் பெரியம்மாவுக்கு என்ன பதில்? அவருடைய குறை உண்மையானது. சொத்து இருக்கிறது, கையில் காசு இல்லை. இந்தக் குறையைத் தீர்க்க வரியின் அடிப்படையையே மாற்ற வேண்டியதில்லை. வருமானம் குறைந்த முதியவர் தன் சொந்த வீட்டில் வசித்தால், வரியை ஒத்திவைத்து, வீடு விற்கப்படும்போதோ வாரிசுக்கு மாறும்போதோ சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இது பழக்கத்தில் இருக்கிறது. சொத்து வரிப் பாக்கி அந்தச் சொத்தோடு ஒட்டிக்கொண்டே வருவதால் உள்ளாட்சிக்கு நட்டமும் இல்லை. சதுர அடியை மட்டும் பார்த்து உயர்வைப் போட்டது 2022 திருத்தத்தின் குறை என்று நான் நினைக்கிறேன். எண்பது ஆண்டு ஓட்டு வீட்டின் 2,000 சதுர அடியும் கிரானைட் மாடியின் 2,000 சதுர அடியும் உயர்வுப் பட்டியலில் ஒன்றாகவே நின்றன. டெல்டாவின் பழைய வீடுகள் நீளமானவை. அந்த நீளம் செல்வத்தைக் காட்டுவதில்லை, கூட்டுக் குடும்பம் இருந்த காலத்தைக் காட்டுகிறது.

வருமானத்தின் பங்கும் உள்ளூருக்கு வர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதற்கான வாசல் தொழில் வரி. 276ஆம் பிரிவின் 2,500 ரூபாய் வரம்பை உயர்த்தி, மாதம் பதினைந்தாயிரம் வாங்குபவரின் மேல் சுமையைக் கூட்டாமல், மேல் படிகளைப் புதிதாக அமைத்தாலே நகராட்சிகளுக்கு நல்ல வரவு வரும். அந்த வரவை வைத்து, பெரியம்மா போன்றவர்களின் ஒத்திவைப்பைத் தாங்கலாம். வீட்டு வரி அடித்தளமாக இருக்கட்டும், தொழில் வரி அதன் மேல் எழட்டும். ஒன்றை இடித்து இன்னொன்றைக் கட்ட வேண்டாம்.

டெல்லியை எதிர்பார்க்காமல் இப்போதே செய்யக்கூடிய வேலை ஒன்றும் இருக்கிறது. சென்ற அக்டோபரில் பெரியம்மாவின் அரையாண்டு வரியைக் கட்டப் போனேன். மாதக் கடைசிக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. எதிர்வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், "தம்பி, இதையும் சேர்த்துக் கட்டிவிட்டு வந்துவிடுங்கள்" என்று பணத்தையும் பழைய ரசீதையும் கொடுத்தனுப்பினார். சன்னலில் இரண்டு எண்களையும் சொன்னேன். பெரியம்மாவுக்கு வந்த தொகையில் பாதிகூட அந்த மாடி வீட்டுக்கு வரவில்லை. கேட்டேன். திரையைத் திருப்பிக் காட்டினார்கள். யாரிடம் எவ்வளவு வரி கேட்க வேண்டும் என்று எழுதிய கேட்புப் பதிவேட்டில் அந்த மனையில் இன்னும் சிறிய ஓட்டு வீடுதான் நின்றது. அது இடிக்கப்பட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. புது அளவீடு எடுக்க யாரும் வரவில்லை.

அன்று மாலை திண்ணையில் உட்கார்ந்து, கட்டடத்தின் வயதைக் கணக்கில் எடுத்து வரியை மறுபரிசீலனை செய்யக் கோரிப் பெரியம்மா பெயரில் ஒரு மனு எழுதினேன். தெரு முழுவதையும் புதிதாக அளக்க வேண்டும் என்று இன்னொரு மனுவும் எழுதினேன். ஆசிரியர் அதில் கையெழுத்துப் போட்டார். வாடகைக்கு இருப்பவர் போடலாமா என்று முதலில் தயங்கினார். ஒப்புகைச் சீட்டு இரண்டையும் பெரியம்மா டிரங்குப் பெட்டியில், பழைய வரி ரசீதுகளின் மேலேயே வைத்திருக்கிறார். அடுத்த அரையாண்டு தொடங்குவதற்குள் அளக்க ஆள் வரவில்லை என்றால் மறுபடியும் போக வேண்டும்.